தோட்டத்து நோயைத் தோட்டத்தாரே கண்டறிதல்

(மலாக்கா மாநிலம், ஜாசின் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த மகளிருக்கும் இளைஞருக்கும் ஓய்வுபெற்ற மருத்துவமனை உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பொதுச் சுகாதார ஆராய்ச்சியில் பொதுமக்களின் பங்கு என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பை அவைத்தலைவர் வாசித்தபொழுது பின்வரிசையில் ஓரிருவர் எழுந்து வெளியே செல்ல எண்ணியதை நான் கவனியாமல் இல்லை. அவர்கள்மீது குற்றமில்லை. ஆராய்ச்சி என்றால் வெள்ளை அங்கி அணிந்த அறிஞர்கள் கோலாலம்பூரிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். நம் இரத்தத்தையும் சிறுநீரையும் சிறு குப்பிகளில் எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு அவர்களும் வரமாட்டார்கள், அந்தக் குப்பிகளைப் பற்றிய சேதியும் வராது. இதுதானே நம் அனுபவம்! நான் இன்று பேச வந்திருப்பது வேறு வகை ஆராய்ச்சி. கேள்வியைக் கேட்பவரும் நீங்களே, விடையைத் தேடுபவரும் நீங்களே, கிடைத்த விடையைக் கொண்டு செயற்படுபவரும் நீங்களே. மருத்துவரும் அதிகாரியும் அதில் உடன் நிற்கும் துணைவர்கள்.

நாம் கூடியிருக்கும் இந்த மாநிலம் ரப்பர் வரலாற்றின் தலைவாசல். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பேரளவில் நட்டார். அவற்றைத் தொடர்ந்து இந்நாடெங்கும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் நம் முன்னோரைக் கொன்று குவித்த நோய் மலேரியாக் காய்ச்சல் என்பதைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள்.

அக்காய்ச்சலை எதிர்த்துப் போராடியவர்களுள் தலையாயவர் டாக்டர் மால்கம் வாட்சன். 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டியவர் அவர். தோட்டந்தோறும் சென்று குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை குழந்தைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணினார். அந்த எண்ணிக்கையைக் கொண்டே எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் மிகுதி என்று கணித்தார். சமநிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் தணிந்தது. மேட்டு நிலத்திலோ, அதே வேலையைச் செய்தபின்னும் தணியவில்லை. காரணம் வேறு கொசு. மலைச்சரிவின் ஓடைகளில், வெயில் படும் தெளிந்த நீரில் பெருகும் இனம் அது. நிழல் தந்த காட்டை வெட்டியபொழுது நாமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தவர்களானோம். பிறகுதான் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்துவதும், நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. வாட்சனின் பணியால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் எண்ணிலடங்கா. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தக் காலத்து ஆய்வுமுறை நம்மவரை எண்ணிற்றேயன்றி, நம்மவரைப் பெரும்பாலும் கேட்கவில்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேளாமையால் விளையும் கேட்டுக்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக் காய்ச்சல் தோன்றி, நம் அண்டை மாநிலமாகிய நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் பகுதிக்குப் பரவிற்று. அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பண்ணையில் உழைத்தவர்கள் கண்டது வேறாக இருந்தது. முதலில் பன்றிகள் உரத்த இருமலோடு நோயுற்றன. பின்னர் அவற்றைத் தொட்டுப் பழகிய ஆண்கள் விழுந்தார்கள். கொசுவென்றால் குழந்தைகளை அன்றோ முதலில் தாக்கியிருக்க வேண்டும்? தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றார்களே, ஏன்? இக்கேள்விகள் பண்ணைக் கொட்டகைகளிலேயே எழுந்துவிட்டன. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு கிருமியைப் பிரித்தெடுத்தார். நிப்பா என்று அதற்குப் பெயர் வந்தது. நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. கிருமியைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டும்தான். ஆனால் எந்தத் திசையில் தேடுவது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் பண்ணையிலேயே இருந்தார்கள்.

இனி நம் தோட்டத்துக்கே வருவோம். இக்கூட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்த தாய்மார்கள் பலர் அமர்ந்திருக்கக் காண்கிறேன். ‘மருந்து’ என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். களையைக் கொல்லும் நஞ்சுக்கு மருந்தென்று பெயரிட்டவர் யாரோ, தெரியவில்லை; ஆனால் அந்தப் பெயரே பாதி அச்சத்தைப் போக்கிவிட்டது. லாலாங்கையும் புல்லையும் கருக்குவதற்காக இந்நாட்டுத் தோட்டங்களில் பல பத்தாண்டுகள் பெருமளவில் அடிக்கப்பட்ட நஞ்சு பாராகுவாட். கிராமொக்சோன் என்ற பெயரில் உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதன் இயல்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாய் விழுங்கினாலும் உயிரைப் போக்கவல்லது. நுரையீரலைச் சிறுகச் சிறுகக் கெட்டியாக்கி மூச்சை நிறுத்திவிடும். அதற்கு மாற்று மருந்து இல்லை. தோலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அதன் வழியே உடலுக்குள் புகும். பம்பிலிருந்து தெளிக்கும்பொழுது எழும் துளிகள் நுரையீரலின் ஆழம்வரை செல்லாத அளவுக்குப் பெரியவை. எனவே அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கி அங்குள்ள மென்தோலை அரிக்கின்றன. மருந்தடிக்கும் பெண்களுக்கு மூக்கில் இரத்தம் கசிவதும், நகம் நிறம் மாறிக் கழன்று விழுவதும், கண் எரிவதும் இதனால்தான்.

இவையெல்லாம் இன்று எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அன்று தெரியவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளும் ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் இம்மாநிலத்துத் தோட்டம் ஒன்றின் மருந்தகத்தில் நான் பணியாற்றினேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காலையில் பெரட்டு முடிந்ததும் நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். மூக்கில் இரத்தம் என்று வந்தால் ‘உடற்சூடு’ என்று பதிவேட்டில் எழுதினேன். நகம் கெட்டு வந்தால் ‘படை’ என்று எழுதிக் களிம்பு கொடுத்தேன். கண் சிவந்து வந்தால் சொட்டு மருந்து. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு குறையோடு வந்தமையால், அவை ஒரே கொடியில் காய்த்த காய்கள் என்பது எனக்குப் புலப்படவேயில்லை. ஒருநாள் ஓர் அம்மா சொன்னார்: “டிரெசரய்யா, சூடுன்னு சொல்றீங்க. ஞாயித்துக்கிழமையில வெயில் அடிக்கிறதில்லையா? அன்னிக்கு மட்டும் ஏன் இரத்தம் வர்றதில்லை?”

நண்பர்களே, அந்த அம்மா பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தவர் அல்லர். ஆனால் ஒரு விஞ்ஞானி செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டார். வேலைநாளையும் ஓய்வு நாளையும் ஒப்பிட்டார். வெயில் இரண்டுக்கும் பொது என்று கண்டார். பொதுவாக இருப்பது காரணமாகாது என்று தள்ளினார். பட்டதாரி ஒருவர் இதையே ஆறு பக்கத்தில் எழுதுவார்.

அன்றிரவு என் பதிவேட்டையும் மண்டோரிடமிருந்து கேட்டு வாங்கிய வேலைப் பேரேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூக்கில் இரத்தம் என்று வந்தவர்களுள் பெரும்பாலோர் மருந்தடிப்பவர்கள். பால்மரம் வெட்டுபவர்கள் ஒருசிலரே. நகம் கெட்டவர்களும் அவ்வாறே. எனக்குக் கை நடுங்கிற்று. மறுநாளே ஒரு தாளில் பெயர்களை எழுதி, அந்த அம்மாவின் பெயரை முதலில் எழுதி, அவர் சொன்னதையும் குறித்து, நிர்வாகத்திடம் கொடுத்தேன். நல்லது செய்தேன் என்று நினைத்தேன். என்ன நடந்தது தெரியுமா? அந்தத் தாள் எங்கு போயிற்றென்று தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரமே அந்த அம்மா மருந்தடிக்கும் வேலையிலிருந்து மாற்றப்பட்டார். மருந்தடிப்பவர்களுக்குக் கிடைத்த கூடுதல் படி அவருக்கு நின்றுபோயிற்று. அவர் இடத்தில் வேறொரு பெண் பம்பைச் சுமந்தார். அதன்பின் எந்தப் பெண்ணும் என்னிடம் மூக்கில் இரத்தம் என்று வந்ததில்லை. இரத்தம் நின்றுவிட்டது என்றா பொருள்? பேச்சுத்தான் நின்றது.

நான் செய்த பிழைகள் இரண்டு. கண்டதைக் கண்டவர்களிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டவில்லை. அவர்களைக் கேளாமலே அவர்கள் பெயரை வெளியிட்டேன். மக்களோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியின் இலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. இந்த இரண்டு பிழைகளிலிருந்துதான் கற்றேன்.

நான் தனித்து நின்று தவறவிட்டதை, சில ஆண்டுகளுக்குப் பின் பலர் கூடிச் செய்தார்கள். பினாங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிமருந்து எதிர்ப்புச் செயற்பாட்டு அமைப்பும், ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் 1991-இல் தோற்றுவித்த தெனாகானித்தா அமைப்பும் தோட்டப் பெண்களிடையே இப்பணியைத் தொடங்கின. மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி வசந்தி ஆறுமுகம் எழுதிய ஆய்வு நூல் 1992-இல் வெளிவந்தது. குரலற்ற பலியாட்கள் என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. பின்னர் ‘சமூக நஞ்சுக் கண்காணிப்பு’ என்று சொல்லத்தக்க ஒரு முறையை அவ்வமைப்புகள் வகுத்தன. மருந்தடிப்பவர்களே கண்காணிப்பாளர்கள். எந்த நஞ்சை அடித்தோம், போத்தலின் மேல் என்ன மொழியில் எழுதியிருந்தது, கையுறை கொடுத்தார்களா, கொடுத்ததை இந்த வெக்கையில் அணிந்து வேலை செய்ய முடிந்ததா, பம்பு ஒழுகிற்றா, அன்று மாலை உடலில் என்ன கண்டது என்பவற்றை அவர்களே பதிந்தார்கள். 2002-ஆம் ஆண்டில் அவ்விரு அமைப்புகளும் சேர்ந்து தோட்டங்களின் நஞ்சுப் பாதிப்பைப் பற்றி மற்றோர் ஆய்வறிக்கையை வெளியிட்டன.

அதே 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நம் நாட்டுப் பூச்சிமருந்து வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதென முடிவு செய்தது. ஓர் ஆய்வறிக்கையால் மட்டுமே அம்முடிவு பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். அரசாங்க முடிவுகளுக்குக் காரணங்கள் பல. ஆனால் முடிவெடுக்கும் மேசைமீது பெண்களின் சொல் ஏட்டு வடிவில் கிடந்தது என்பது சிறிய செய்தி அன்று. எதிர்ப்பும் வந்தது. மலிவாகவும் விரைவாகவும் களையைக் கொல்ல வேறு வழியில்லை என்று தோட்டத்துறையினர் வாதிட்டார்கள். 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. மீண்டும் பதின்மூன்று ஆண்டுகள் கடந்தன. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது. சுவீடன் நாடு 1983-லேயே தடுத்துவிட்ட நஞ்சு அது. கேரள மாநிலம் 2011-இல் தடுத்தது. நாம் பிந்தித்தான் வந்தோம், ஆயினும் வந்தோம்.

ஆய்வில் மக்களின் பங்கு ஏன் இன்றியமையாதது என்பதற்கு மருத்துவ நுட்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூச்சிகளைக் கொல்லும் சிலவகை நஞ்சு உடலில் சேர்ந்திருக்கிறதா என அறிய ஓர் இரத்தச் சோதனை உண்டு; நரம்புகளுக்கு வேண்டிய ஒரு நொதியின் அளவை அது காட்டும். பாராகுவாட் அந்த வகையைச் சேர்ந்ததன்று. நாள் முழுதும் பாராகுவாட் அடித்த பெண்ணுக்கு அந்தச் சோதனையைச் செய்தால் ‘குறை ஒன்றும் இல்லை’ என்றே விடை வரும். சோதனை பொய்யன்று, கேள்விதான் தவறு. எந்தப் போத்தலைத் திறந்தோம் என்பதை மருத்துவருக்குச் சொல்லக்கூடியவர் போத்தலைத் திறந்தவர் ஒருவரே. ஆகவேதான் இத்தகைய ஆய்வில் குப்பியின் முகப்புச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள்.

இம்முறை நஞ்சுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடாதீர்கள். மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி என்றொரு பின்தங்கிய காட்டு மாவட்டம். அபய் பாங், ராணி பாங் என்னும் மருத்துவத் தம்பதியர் 1986-இல் அங்கே குடியேறினார்கள். தொடக்கத்தில் இரத்த அணுக்களைப் பற்றிய ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்து அது அங்கு மிகுதி என்று கண்டறிந்தார்கள். மக்களோ அதில் ஆர்வம் காட்டவில்லை. அது மருத்துவரின் கேள்வியாக இருந்ததேயன்றி ஊராரின் கேள்வியாக இல்லை. பின்னர் இத்தம்பதியர் ஊராரின் துயரைக் கேட்கத் தொடங்கினார்கள். பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத நோய்களைப் பற்றி இரண்டு கிராமங்களில் ராணி பாங் ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டபொழுது உலகமே திடுக்கிட்டது. 650 பெண்களைச் சோதித்ததில் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் மருத்துவச் சோதனை செய்துகொண்டவர்களோ 8 விழுக்காட்டினர்தாம்.

குழந்தைகள் சளிக்காய்ச்சலால் மாண்டுகொண்டிருந்தன. கிராமத்துப் பேறுகால மருத்துவச்சிகளுக்குப் பன்னிரண்டுக்குமேல் எண்ணத் தெரியாது. அவர்களைக் கொண்டு மூச்சை எண்ணுவதெப்படி? ஒரு நிமிடத்தில் வடியும் மணற்குடுவையும் மணிகள் கோத்த ஒரு சட்டமும் செய்து கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மணல் வடியுமுன் மணியெல்லாம் நகர்ந்துவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. உடனே மருந்து தர வேண்டும். எழுத்தறியாத கை, மருத்துவரின் கண்ணாயிற்று. அதன்பின் ஊர்ப் பெண்களையே பயிற்றி, பிறந்த சிசுக்களை வீட்டிலேயே பேணும் முறையை 39 கிராமங்களில் நடத்தி, அம்முறை இல்லாத 47 கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. இவ்வாய்வு 1999-இல் வெளியாயிற்று. 2011-இல் இந்திய அரசு அம்முறையைத் தன் தேசியத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

நாம் இங்கே எவ்வாறு தொடங்குவது என்று கேட்பீர்கள். மிக எளிதான கருவி ஒன்று உண்டு. ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்து, ஒருவரை அதன்மேல் படுக்கச் சொல்லி, உடலைச் சுற்றிக் கோடிழுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஒரே வேலை செய்பவர்கள் கூடி, தத்தம் உடலில் எங்கே நோகிறதோ, எங்கே அரிக்கிறதோ, அங்கே அந்தத் தாளில் ஒரு பொட்டு வைக்கட்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. ஒருவர் வைக்கும் பொட்டு அவர் துன்பம். பத்துப் பேரின் பொட்டு ஒரே இடத்தில் குவிந்தால் அது வேலையின் துன்பம். பம்பு சுமந்தவர்களின் தாளில் இடுப்புக்கு மேலே முதுகுத்தோலில் புள்ளிகள் குவியும். ஒழுகும் பம்பு அங்கேதானே படிந்திருக்கும்! செம்பனைக் குலை வெட்டுபவர்களின் தாளில் கழுத்திலும் தோளிலும் குவியும். ‘எனக்கு மட்டும்தான்’ என்று நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி, அந்தத் தாளைக் கண்டு ‘உனக்குமா?’ என்று பக்கத்தில் நிற்பவளைக் கேட்கும் கணம் இருக்கிறதே, ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் அங்கேயே முடிந்துவிடக் கூடாது. பொட்டுகள் மட்டும் சான்றாகிவிடா. நோயுள்ளவர்கள்தாம் இத்தகைய கூட்டங்களுக்கு முந்தி வருவார்கள். நலமாக இருப்பவர் வீட்டில் இருந்துவிடுவார். அவரையும் தேடிச் சென்று கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு என்று சொல்வதோடு எத்தனை பேரில் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்தடிக்காதவர்களிடமும் அதே கேள்விகளை அதே சொற்களில் கேட்க வேண்டும். அவர்களுக்கும் அதே அளவு இருக்கக் கண்டால், நம் ஐயம் தவறென்று எழுதிக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும். நாம் விரும்பிய விடை வரவில்லை என்பதற்காகத் தாளைக் கிழித்துவிடுபவர் ஆய்வாளர் அல்லர். கேள்விகள் குறைவாக இருக்கட்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். முப்பதாவது கேள்வியில் கேட்பவருக்கும் விடை சொல்பவருக்கும் ஒருசேர உறக்கம் வந்துவிடும்.

பெயர்களைப் பற்றி மீண்டும் வற்புறுத்துகிறேன். என் பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். பெயர்ப் பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். வெளியே செல்லும் தாளில் எண் மட்டும் இருக்கட்டும். ‘சொல்ல விருப்பமில்லை’ என்று ஒருவர் மறுத்தால், ஏன் என்று கேட்கவும் நமக்கு உரிமையில்லை. கண்டதை முதலில் பெண்களிடமே படித்துக் காட்டுங்கள். எதை வெளியே சொல்வது, எப்பொழுது சொல்வது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

பிறகு எங்கே கொண்டுபோவது? இங்கே சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும். அதில் தொழிலாளர் தரப்பினரும் அமர்வார்கள். உங்கள் தாளை வைக்க வேண்டிய மேசை அதுவே. 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, நிர்வாகம் அதை நீக்காதபொழுது அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. இச்சட்டத்தைத் தோட்டத்தில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்று கேட்பதே ஒரு நல்ல முதல் ஆய்வாகும்!

பாராகுவாட் போயிற்று, இனி என்ன என்று ஓர் இளைஞர் சற்றுமுன் வாசலில் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. களை போகவில்லையே, தம்பி! வேறு களைக்கொல்லிகள் அதன் இடத்தில் வந்துள்ளன. பம்பைச் சுமக்கும் முதுகுகளும் மாறியுள்ளன. இன்று பல தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அவ்வேலையைச் செய்கிறார்கள். நம் தாய்மார்கள் தமிழில் எழுதப்படாத சீட்டைப் பார்த்து விழித்ததுபோல் அவர்களும் தங்களுக்குப் புரியாத சீட்டைப் பார்த்து விழிக்கிறார்கள். அவர்களையும் உங்கள் தாளைச் சுற்றி அமரச் செய்யுங்கள். ஒரே நிலத்தில் ஒரே காற்றைச் சுவாசிப்பவர்களைப் பிரித்து எண்ணினால் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

தோட்டத்தை விட்டு ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் அலோர் காஜாவுக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்களின் கேள்வி வேறு. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவரை நெருங்கும் கணக்கு! ஏன் என்பதற்கு மருத்துவ நூல்கள் பல காரணங்களைச் சொல்லும். ஆனால் விடியுமுன் எழுந்து மரம் வெட்ட நடந்த அதே உடல், அடுக்குமாடி வீட்டில் எவ்வாறு வாழ்கிறது, தேநீரில் எத்தனை கரண்டிச் சீனி விழுகிறது, மாலையில் பெண்கள் நடப்பதற்கு அச்சமற்ற பாதை இருக்கிறதா என்பவற்றைக் கணக்கெடுக்கக் கூடியவர்கள் அந்தத் தெருவில் வாழ்பவர்களே. மாவட்டச் சுகாதார அலுவலகத்தார் இரத்தச் சோதனைக்கு உதவ அணியமாக இருப்பார்கள். தெருவைச் சோதிப்பது நம் வேலை.

இறுதியாக ஓர் அறிவிப்பு. இம்மண்டபத்தின் பின்சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டுள்ளன. முன்பக்கம், பின்பக்கம் என உடலின் கோட்டுருவம் வரையப்பட்டிருக்கிறது. மேசைமேல் சிவப்பு மையும் நீல மையும் இருக்கின்றன. மருந்தடித்தவர்கள், இன்றும் அடிப்பவர்கள் சிவப்பு. அந்த வேலையே செய்யாதவர்கள் நீலம். தேநீருக்குச் செல்லும் வழியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆடவர்கள் முதலில் தேநீருக்குச் செல்லட்டும். பெண்கள் தனித்து நின்று பொட்டு வைக்க அது வசதியாக இருக்கும். பெயர் வேண்டாம். மாலையில் கூட்டம் கலையுமுன் அத்தாள்களை இதே மேடைக்குக் கொண்டுவந்து, எல்லோரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.